மருந்து விநியோகத்தை ஒன்றாக்குவது எங்கிருந்து தொடங்க வேண்டும்: கிடங்கிலிருந்தா, படிவத்திலிருந்தா?

#1 — திட்டக்குறிப்பு

வளரும் நாடு ஒன்றின் பொதுச் சுகாதார மருந்து விநியோகத்தை ஒருங்கிணைப்பதற்கான வரைவு ஒன்றைச் சரிபார்க்கும் பணியில் இருக்கிறேன். அங்கு இப்போது நான்கு வழிகள் தனித்தனியாக ஓடுகின்றன. அத்தியாவசிய மருந்துகளுக்கு ஒன்று, எச்ஐவி, காசநோய், மலேரியா மருந்துகளுக்கு ஒன்று, தடுப்பூசிக்கு ஒன்று, கருத்தடைச் சாதனங்களுக்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் சொந்தக் கிடங்கும் வண்டியும், இருப்பையும் தேவையையும் எழுதி அனுப்பும் படிவமும் இருக்கின்றன. நான்கும் கடைசியில் போய்ச் சேர்வது ஒரே சிற்றூர்ச் சுகாதார நிலையத்தின் ஒரே அலமாரிக்குத்தான்.

இந்த நிலைக்கு யாரையும் எளிதில் குறை சொல்லிவிட முடியாது. உலக சுகாதார நிறுவனம் அத்தியாவசிய மருந்துகளின் முதல் பட்டியலை 1977-இல் வெளியிட்ட பிறகு, பல நாடுகள் அந்தப் பட்டியலை மையமாக வைத்தே தங்கள் அரசுக் கிடங்குகளை நடத்தின. ஆனால் 2000-இல் கேவி தடுப்பூசிக் கூட்டணியும், 2002-இல் எய்ட்ஸ், காசநோய், மலேரியாவுக்கான குளோபல் ஃபண்டும், 2003-இல் எச்ஐவிக்கான அமெரிக்காவின் பெப்ஃபார் திட்டமும் வந்தபோது, பணம் நோயின் பெயரால் பிரிந்து வந்தது. எச்ஐவி மருந்தை ஒரு நாளும் நிறுத்தக் கூடாது என்ற கட்டாயத்தில் இருந்தவர்கள், பாராசிட்டமாலையே ஒழுங்காக அனுப்பாத அரசுக் கிடங்கை நம்ப மறுத்துத் தங்களுக்கெனத் தனி வழி அமைத்துக்கொண்டார்கள். அன்றைய நிலையில் நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

வரைவின் முதல் அம்சம், நான்கு கிடங்குகளையும் ஒரே கூரையின் கீழ்க் கொண்டுவருவது. படிவம், வண்டி, கணக்கு ஆகியவை எல்லாம் 'அடுத்த கட்டம்' என்று தள்ளிவைக்கப்பட்டிருக்கின்றன. இந்த வரிசை தலைகீழாக இருக்கிறதோ என்ற ஐயம் எனக்கு இருப்பதால், களத்தில் பணியாற்றியவர்கள் தங்கள் கருத்தைச் சொல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

#2 — கிடங்குச்சாவி

நான் வரைவின் பக்கம்தான் நிற்பேன். பதினோரு ஆண்டுகள் மாவட்டக் கிடங்கில் இருந்தவன் என்பதால் கட்டடத்தின் அருமை எனக்குத் தெரியும்.

எங்கள் வளாகத்தில் மூன்று கிடங்குகள் அடுத்தடுத்து இருந்தன. மூன்று பூட்டு, மூன்று சாவி, மூன்று பொறுப்பாளர்கள். நடுவில் இருந்த கிடங்கில் குளிர்சாதனம் இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கும், உள்ளே ஐந்தாறு அட்டைப்பெட்டிகள் மட்டும் இருக்கும். அதை ஒட்டிய என்னுடைய கிடங்கிலோ குளுக்கோஸ் பாட்டில் பெட்டிகளைத் தாழ்வாரத்தில் அடுக்கித் தார்ப்பாய் போட்டு மூடியிருப்போம். பக்கத்து அறையில் நான்கு பெட்டி வைக்க இடம் கேட்டதற்கு, 'அது வேறு திட்டத்தின் சொத்து' என்று எழுத்து மூலம் பதில் வந்தது. அந்த மழைக்காலத்தில் அடி வரிசைப் பெட்டிகள் நனைந்து, பாட்டில்கள் மீதிருந்த லேபிள்கள் உரிந்துபோயின. எந்தத் தயாரிப்புத் தொகுதி என்று காட்டும் பேட்ச் எண் தெரியாத பாட்டிலை யாரும் நோயாளிக்கு ஏற்ற மாட்டார்கள் என்பதால் எல்லாவற்றையும் கழித்துக்கட்ட வேண்டியதாயிற்று.

வண்டிகளின் கதையும் இதேதான். ஒரே வாரத்தில் ஒரே சாலையில் மூன்று வண்டிகள், மூன்றிலும் பாதிச் சுமை. எனவே கூரை முதலில் ஒன்றாகட்டும், மற்றவை பின்னால் வரட்டும் என்பது என் கருத்து. ஒன்று மட்டும் சொல்லிவைக்கிறேன்: கொசுவலை மூட்டைகளை மறந்துவிட்டு இட அளவைக் கணக்கிடாதீர்கள். வலை விநியோகம் நடக்கும் ஆண்டில் எவ்வளவு பெரிய கிடங்கும் நிரம்பிவிடும்.

#3 — மறுகணக்கு

கிடங்குச்சாவி ஐயாவின் அனுபவத்தை மறுக்கவில்லை. ஆனாலும் ஒரே கூரையின் கீழ் வைக்கப்பட்ட மருந்து, தவறான எண்ணிக்கையைக் கொண்டு அனுப்பப்பட்டால், முன்பைவிட ஒழுங்கான இடத்திலிருந்து தவறான அளவில் போய்ச் சேரும், நடக்கப்போவது அவ்வளவுதான். ஒரு கணக்கைக் காட்டுகிறேன்.

ஒரு சுகாதார நிலையத்தில் 90 நாட்களில் 600 அமாக்ஸிசிலின் மாத்திரைகள் வழங்கப்பட்டதாகப் பதிவேடு சொல்கிறது. 600-ஐ 3-ஆல் வகுத்து, சராசரி மாத நுகர்வு 200 என்று எழுதுகிறார்கள். அந்த 90 நாட்களில் 45 நாட்கள் மருந்தே இல்லை என்பது இருப்பு அட்டையில் இருக்கிறது, படிவத்தில் இல்லை. 600 மாத்திரைகள் உண்மையில் 45 நாட்களில் தீர்ந்திருக்கின்றன, ஆகவே மாதத் தேவை 400. எத்தியோப்பியாவின் ஒருங்கிணைந்த முறையில் சுகாதார நிலையங்கள் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அறிக்கையும் கோரிக்கையும் அனுப்புகின்றன. அதிகபட்ச இருப்பு 4 மாதத் தேவையின் அளவு, குறைந்தபட்சம் 2 மாதம், அவசரக் கோரிக்கைக்கான எல்லை அரை மாதம். அதே விதியை இங்கே பொருத்திப் பாருங்கள். மாதத்துக்கு 200 என்ற கணக்கில் நிலையத்துக்குக் கிடைப்பது 800 மாத்திரைகள். உண்மைத் தேவைப்படி அது சரியாக இரண்டு மாதத்தில் தீர்ந்துவிடும். தாமதத்தைத் தாங்குவதற்காகவே வைக்கப்பட்ட மீதி இரண்டு மாதக் காப்பு இருப்பு, காகிதத்தில் மட்டும் இருந்துகொண்டு அலமாரியில் இல்லாமல் போகிறது. வண்டி ஒரு வாரம் தாமதித்தால் மறுபடியும் காலி. அந்தக் காலி நாட்களையும் சேர்த்து வகுத்தால் அடுத்த சராசரியும் உண்மைத் தேவைக்குக் கீழேயே நிற்கும். இருப்பின்மை தன்னைத்தானே நீட்டித்துக்கொள்வது இப்படித்தான்.

கிடங்குகளைப் பற்றி ஒரு சான்றும் இருக்கிறது. ஜாம்பியாவில் 2009-இல் தொடங்கிய சோதனையில் இரண்டு முறைகளை ஒப்பிட்டார்கள். ஒன்றில் மாவட்டக் கிடங்கு இருப்பு வைத்துக்கொண்டு, நிலையங்களின் கோரிக்கையைத் தானே நிறைவேற்றியது. மற்றதில் ஒவ்வொரு நிலையத்தின் கோரிக்கையும் தேசியக் கிடங்குக்கே போய், நிலையத்தின் பெயரிட்டு மூடிய பெட்டியாகத் திரும்பி வந்தது. மாவட்டம் பெட்டியைப் பிரிக்காமல் கைமாற்றி அனுப்பியதோடு சரி. இரண்டிலும் மாவட்ட அளவில் இருப்புத் திட்டமிடுபவர் ஒருவர் அமர்த்தப்பட்டிருந்தார். இரண்டாவது முறைதான் தெளிவாக மேலான பலனைத் தந்தது. நடுவில் இருப்பு வைத்துப் பங்கிட்டுத் தருகிற ஓரிடம் குறைந்தால், ஊகித்துக் கணக்கிடுகிற ஓரிடமும் குறைகிறது. அப்படியிருக்க, மாவட்டந்தோறும் பெரிய கூரை கட்டுவதை ஏன் முதல் வேலையாக வைக்க வேண்டும்?

#4 — நீலப்பதிவேடு

நான் துணை நிலையத்தில் செவிலியராக இருக்கிறேன். மேலே இருவரும் பேசுகிற எண்கள் என் மேசையில்தான் பிறக்கின்றன என்பதால் அவை எப்படிப் பிறக்கின்றன என்று சொல்லிவிடுகிறேன்.

மாதக் கடைசி மூன்று நாட்களில் ஐந்து படிவங்களை நிரப்ப வேண்டும். ஐந்தும் கேட்பது ஒன்றையேதான்: தொடக்க இருப்பு, வரவு, வழங்கல், சேதம், மீதி. ஆனால் ஒன்றில் மாத்திரைகளை எண்ண வேண்டும், இன்னொன்றில் பெட்டிகளை, மலேரியாப் படிவத்தில் ஆளுக்கான முழுச் சிகிச்சைத் தொகுப்புகளை, அதிலும் எடைக்கு ஏற்ற நான்கு வகைகளாகப் பிரித்து. காலையில் புறநோயாளிகள், மதியம் தடுப்பூசி, மாலையில் பிரசவ வலியோடு வருபவர்கள். இதற்கிடையில் அலமாரியைத் திறந்து எண்ணுவதற்கு நேரம் கிடைக்காத மாதங்களில் நான் என்ன செய்தேன் என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். மீதியைக் கண்ணால் மதிப்பிட்டு, அதைத் தொடக்க இருப்பும் வரவும் சேர்ந்த தொகையிலிருந்து கழித்து, வந்த விடையை 'வழங்கல்' என்று எழுதினேன். கூட்டல் கழித்தல் ஒத்துப்போகும், மேலதிகாரியும் கையெழுத்திடுவார். ஆனால் அந்த எண் நோயாளி வாங்கிய மருந்தின் எண் அல்ல.

எனவே எனக்கு ஒருங்கிணைப்பு என்றால் முதலில் ஒரே படிவம், ஒரே அலகு. இன்னொன்றும் வேண்டும். ஐந்து படிவம் அனுப்பியும், இத்தனை ஆண்டுகளில் ஒருமுறைகூட 'உங்கள் எண்ணில் இந்த இடம் பொருந்தவில்லை' என்று யாரும் திருப்பிக் கேட்டதில்லை. யாரும் படிக்காத ஒன்றைக் கவனமாக எழுத எத்தனை மாதத்துக்கு மனம் வரும்?

#5 — ஐஸ்பெட்டி

தடுப்பூசியைக் குளிர் குறையாமல் கொண்டுசேர்க்கும் குளிர்ச் சங்கிலியில் பழுதுபார்ப்பவன் என்ற முறையில் ஓர் எச்சரிக்கையும் ஒரு கோரிக்கையும் வைக்கிறேன். இரண்டும் எதிரெதிராகத் தோன்றலாம்.

எச்சரிக்கை இது. 'எல்லாவற்றையும் ஒன்றாக்குவோம்' என்ற உற்சாகத்தில் தடுப்பூசியைப் பொது வண்டியில் ஏற்றிவிடாதீர்கள். 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் என்றால் வெப்பத்தை மட்டும்தான் பலர் அஞ்சுகிறார்கள், ஆனால் ஹெபடைட்டிஸ் பி, டெட்டனஸ் போன்ற தடுப்பூசிகளை உறையவைப்பதும் அவற்றைக் கெடுத்துவிடும். வெப்பத்தால் கெட்டதை, 1996 முதல் பயன்பாட்டில் இருக்கிற குப்பிக் காட்டியில், அதாவது தடுப்பூசிக் குப்பியின் மேல் ஒட்டிய அடையாளத்தில், உள்ள சதுரத்தின் நிறமாற்றம் காட்டிக்கொடுக்கும்; உறைந்து கெட்டதை அது காட்டாது. ஐஸ் பொதிகளைக் குளிர்பெட்டியில் வைப்பதற்கு முன், உள்ளே தண்ணீர் குலுங்கும் ஓசை கேட்கும்வரை வெளியில் வைத்திருக்க வேண்டும் என்பதைப் பொது வண்டியின் ஓட்டுநருக்கு யார் சொல்லித்தருவார்கள்?

கோரிக்கை ஆக்ஸிடோசின் பற்றியது. பிரசவத்துக்குப் பிந்தைய இரத்தப்போக்கைத் தடுக்கும் இந்த ஊசிமருந்தும் 2 முதல் 8 டிகிரியில்தான் இருக்க வேண்டும். ஆனால் அது 'மருந்து' என்பதால் பொதுக் கிடங்கின் வழியாக வந்து பிரசவ அறை அலமாரியில் வெயிலில் கிடக்கும். நான்கடி தூரத்தில் தடுப்பூசிப் பெட்டி பாதி காலியாகக் குளிர்ந்துகொண்டிருக்கும். உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் ஐக்கிய நாடுகள் மக்கள்தொகை நிதியமும் சேர்ந்து 2019-இல் இதற்காகவே கூட்டறிக்கை வெளியிட்டன. நான் பார்த்த ஒரு நிலையத்தில் ஆக்ஸிடோசினை உள்ளே வைக்க ஒப்புக்கொண்டார்கள், ஆனால் குளிர்பெட்டியின் சாவி தடுப்பூசிப் பணியாளரிடமே இருந்தது, அவர் மாலை ஐந்து மணிக்கு வீட்டுக்குப் போய்விடுவார். பிரசவங்கள் ஐந்து மணிக்கு நிற்பதில்லை. ஒரு வாரத்துக்குள் குப்பிகள் பழைய அலமாரிக்கே திரும்பிவிட்டன. உங்கள் வரைவில் இரண்டாவது சாவிக்கு ஒரு வரி ஒதுக்குங்கள். கூடவே, குப்பிகள் மாறிவிடாதபடி ஆக்ஸிடோசினுக்கு லேபிளிட்ட தனிப்பெட்டி வேண்டும் என்பதையும் எழுதிவிடுங்கள்.

#6 — பற்றுவரவு

இதுவரை யாரும் பணத்தைத் தொடவில்லை என்பது எனக்கு வியப்பாக இருக்கிறது, ஏனென்றால் நான் பார்த்த முயற்சிகள் முறிந்த இடம் பெரும்பாலும் அதுதான்.

நான்கு வழிகளில் மூன்றில் மருந்து இலவசமாக வருகிறது. அத்தியாவசிய மருந்தை மட்டும் பல நாடுகளில் நிலையம் பணம் கொடுத்து வாங்க வேண்டும். எத்தியோப்பியா 2007-இல் மருந்து நிதி மற்றும் விநியோக முகமையை அமைத்தபோது, இந்த இரு வகையையும் ஒரே அமைப்பு கையாளும்படி செய்தது. இலவசத் திட்ட மருந்துகள் ஒரு பக்கம், சுழல்நிதியில், அதாவது விற்ற பணத்தைக் கொண்டே மறுபடி வாங்கும் நிதியில், விற்கப்படும் மருந்துகள் இன்னொரு பக்கம். அமைப்பு ஒன்று, வண்டி ஒன்று, ஆனால் கணக்கு இரண்டு. நிலையத்தின் கையில் பணம் இல்லாத மாதத்தில் இப்படிப்பட்ட ஒருங்கிணைந்த வண்டி மலேரியா மாத்திரையோடு வரும், ஆன்டிபயாட்டிக் இல்லாமல் வரும். வண்டியைப் பார்த்தால் ஒருங்கிணைப்பு முழுமையானதுபோலத் தெரியும், அலமாரியைப் பார்த்தால் பழைய ஓட்டை அப்படியே இருக்கும்.

கென்யாவில் 2013-இல் சுகாதாரப் பொறுப்பு மாவட்ட அரசுகளுக்குக் கைமாறிய பிறகு, தேசிய மருந்து விநியோக ஆணையம் அவற்றுக்கு விற்பவராக ஆனது. வாங்கியவர்கள் பாக்கி வைத்தார்கள். பாக்கி பெருகப் பெருக, விற்பவரின் நடைமுறை மூலதனம் சுருங்கியது. மூலதனம் சுருங்கினால் அடுத்த கொள்முதல் சுருங்கும். எவ்வளவு நேர்த்தியான படிவமும் இதைத் தடுக்காது.

நன்கொடையாளர்களின் தணிக்கையும் இருக்கிறது. தங்கள் பணத்தில் வாங்கிய பெட்டி எங்கே போனது என்று பேட்ச் எண் வரை கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்ல முடியாத பொதுக் கிடங்கில் தங்கள் சரக்கைக் கலக்க அவர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், ஒப்புக்கொண்டாலும் ஒரு மூலையில் கம்பிவலை அடித்துத் தனிப்பூட்டுப் போடச் சொல்வார்கள். ஒரே கூரையின் கீழ் நான்கு கம்பிக்கூண்டுகள் இருப்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அதன் திறப்பு விழாவில் ஒருங்கிணைப்பைப் பற்றி நீண்ட உரை ஒன்றும் நிகழ்த்தப்பட்டது.

#7 — கிடங்குச்சாவி

கம்பிக்கூண்டைப் பற்றிப் படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது, எங்கள் வளாகத்துக்கும் கடைசியில் அதுதான் நேர்ந்தது. சரி, கூரை முதல் வேலையல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் படிவத்தை எல்லாவற்றுக்கும் மருந்தாக்கிவிடாதீர்கள்.

ஜிம்பாப்வேயைப் பாருங்கள். 2004-இல் கருத்தடைச் சாதனங்களுக்காக ஒரு வண்டிமுறை தொடங்கினார்கள். குழுவினர் காலாண்டுக்கு ஒருமுறை வண்டியில் சரக்கோடு வந்து, தாங்களே எண்ணி, தாங்களே கணக்கிட்டு, குறைந்ததை நிரப்பிவிட்டுப் போவார்கள். செவிலியர் படிவம் எழுத வேண்டியதில்லை. இருப்பின்மை 5 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. நன்றாக ஓடுகிற வண்டியில் எல்லோருக்கும் இடம் வேண்டும் அல்லவா? எச்ஐவி சோதனைக் கருவிகள் போன்றவையும் சேர்ந்தன. பொருள் கூடக்கூட ஒவ்வொரு நிலையத்திலும் எண்ணும் நேரம் கூடும், ஒரு நாளில் பார்க்கக்கூடிய நிலையங்கள் குறையும், செலவு ஏறும். நூற்றுக்கணக்கான அத்தியாவசிய மருந்துகளை அப்படி எண்ணிக்கொண்டிருக்க முடியாது. ஆகவே 2014-இல் மானிகாலாந்து மாகாணத்தில், அங்கிருந்த நான்கு விநியோக வழிகளையும் சேர்த்த வேறொரு முறையைச் சோதித்தார்கள்: மாவட்ட மருந்தாளர் நிலையத்துக்குப் போய், செவிலியரோடு உட்கார்ந்து கோரிக்கையை எழுதுவார், சரக்கு பின்னால் வரும்.

இதில் நான் கவனிப்பது ஒன்று. நன்றாக ஓடிய வழியை, தட்டுத்தடுமாறி ஓடிய வழியோடு சேர்த்தால் இரண்டும் நன்றாக ஓடும் என்பதற்கு உத்தரவாதமில்லை. எச்ஐவி திட்டத்தார் ஒருங்கிணைப்புக்குத் தயங்குவதை ஆணவம் என்று பலர் சொல்கிறார்கள். நான் அதை நோயாளிமீதுள்ள பொறுப்பு என்றே எடுத்துக்கொள்கிறேன்.

#8 — மறுகணக்கு

மருந்தாளர் செவிலியரோடு உட்கார்வது என்பதில்தான் #4-இல் கேட்கப்பட்ட கேள்விக்கும் பதில் இருக்கிறது. இருப்பு அட்டையையும் படிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒருவர் படித்தால், அந்த 45 நாட்கள் கண்ணில் படாமல் போகாது. கணினி முறை வந்தால் இதெல்லாம் தீரும் என்று அடுத்து யாராவது எழுதுவார்கள் என்பதால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: இருப்பு இல்லாத நாட்களைக் கேட்கும் கட்டம் திரையிலும் இல்லையென்றால், கணினியும் 200 என்றுதான் சொல்லும்.

செனகலில் வேறொரு வழி எடுத்தார்கள். 2012-இல் தலைநகர் டாக்கரை அடுத்த பிகினில் கருத்தடைச் சாதனங்களோடு தொடங்கிய சோதனை விரிவடைந்தபோது, எண்ணுவதும் நிரப்புவதும் தனியார் விநியோகஸ்தர்களிடம் ஒப்படைக்கப்பட்டன. பின்னர் நாடு முழுவதும் பரவி, மற்ற மருந்துகளும் சேர்க்கப்பட்டன. செவிலியரின் தோளிலிருந்து சுமை இறங்கியது உண்மை. ஆனால் விநியோகஸ்தருக்கான கட்டணத்தை நன்கொடை நின்ற பிறகு யார் கொடுப்பது என்பதைத் தொடக்கத்திலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும். பற்றுவரவு அவர்களின் கவலை இங்கும் பொருந்தும்.

#9 — நீலப்பதிவேடு

வேறொருவர் வந்து எண்ணினால் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் வாங்கும்போது கையெழுத்திடுவது யார்?

சென்ற ஆண்டு ஒருநாள் மாலை ஐந்தரை மணிக்கு வண்டி வந்தது. நாற்பது பெட்டிகள். ஓட்டுநர் இன்னும் இரண்டு நிலையங்களுக்குப் போக வேண்டும், இருட்டுவதற்குள் ஆற்றைக் கடக்க வேண்டும். 'கையெழுத்துப் போட்டுவிடுங்கள் அக்கா, காலையில் எண்ணிக்கொள்ளலாம்' என்றார். போட்டேன். காலையில் எண்ணினால் மூன்று பெட்டிகள் குறைவு. முன்பு ஒவ்வொரு திட்டத்துக்கும் தொலைபேசியில் கூப்பிட ஓர் ஆள் இருந்தார். அந்த வண்டியோ புதிதாக இணைக்கப்பட்ட வழியில் வந்தது. மூன்று பெட்டிகளும் மூன்று வெவ்வேறு திட்டத்தின் சரக்கு. ஒவ்வொருவரும் 'பொதுக் கிடங்கைக் கேளுங்கள்' என்றார்கள். பொதுக் கிடங்கில் 'நீங்கள் கையெழுத்திட்டிருக்கிறீர்களே' என்றார்கள். அந்த மூன்று பெட்டிகள் இன்றும் என் பெயரில்தான் இருக்கின்றன.

#10 — திட்டக்குறிப்பு

எழுதிய அனைவருக்கும் நன்றி. வரைவின் வரிசையை மாற்றி எழுதத் தொடங்கியிருக்கிறேன். ஒரே படிவம், ஒரே அலகு, இருப்பு இல்லாத நாட்களுக்கு ஒரு கட்டம் ஆகியவை முதலில் வருகின்றன. அடுத்து, மாவட்டக் கிடங்குகள் பிரிக்காமல் கைமாற்றி அனுப்பும் இடங்களாக மாறுவது. கூரையைப் பற்றிய அம்சம் கடைசிக்குப் போய்விட்டது. பேட்ச் எண் வரை கணக்குக் காட்ட முடிந்த பிறகுதான் சரக்கைக் கலக்கலாம் என்று அதில் நிபந்தனை சேர்த்திருக்கிறேன். தடுப்பூசி தனி வழியிலேயே போகும், ஆக்ஸிடோசின் அந்த வழிக்கு மாறும், இரண்டாவது சாவி பிரசவ அறையில் இருக்கும். மார்ஃபின் போன்ற கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளுக்கு இப்போதுள்ள தனிப்பதிவேடு தொடரும். சுழல்நிதியைப் பற்றி எழுத எனக்குத் தகுதி போதாது, பற்றுவரவு அவர்கள் ஒரு பக்கம் எழுதித்தந்தால் அப்படியே இணைத்துவிடுவேன்.

கையெழுத்துக்கு இப்படி ஒரு வரி எழுதியிருக்கிறேன்: 'வண்டி வந்தபோது இடும் கையெழுத்து, பெட்டிகளின் எண்ணிக்கைக்கு மட்டுமே உரியது, உள்ளடக்கத்தை எண்ணிக் குறைவை அறிவிக்க 48 மணி நேரம் உண்டு, அதற்குள் அறிவிக்கப்பட்ட குறைவுக்கு அனுப்பிய கிடங்கே பொறுப்பு.' இது போதுமா?

#11 — நீலப்பதிவேடு

போதாது. என் வழக்கில் குறைந்தது பெட்டிகளே அல்லவா? நாற்பதை அந்த இருட்டில் எண்ண முடியாததால்தான் கையெழுத்திட்டேன். பெட்டிகளின் எண்ணிக்கைக்கும் அதே அவகாசம் வேண்டும். இல்லையென்றால், மாலை நான்கு மணிக்குப் பிறகு எந்த நிலையத்திலும் சரக்கு இறக்கக் கூடாது என்று எழுதுங்கள்.

#12 — கிடங்குச்சாவி

நான்கு மணி என்று விதித்தால் கடைசி நிலையங்களுக்கு வண்டி மறுநாள்தான் போகும், ஓட்டுநருக்கு இரவுத் தங்கல் படி கொடுக்க வேண்டிவரும். நான் இருந்த காலத்தில் அந்தப் படிக்குத் தலைப்பே கிடையாது, அதனால்தான் இருட்டில் ஓட்டினார்கள். அந்தத் தலைப்பை வரவுசெலவில் சேருங்கள், நான்கு மணி விதிக்கு நான் ஒப்புக்கொள்கிறேன்.